கட்டிய வரி கணக்கில் இருக்கிறது, கையில் இல்லை

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் குறைந்தன. பொருள் வாங்குகிறவர்களுக்கு அது நல்ல சேதி, மறுப்பதற்கில்லை. ஆனால், அதே நாளில் சிறு உற்பத்தியாளர்கள் பலர் தலையில் ஒரு சுமையும் சத்தமில்லாமல் ஏறியது. அவர்கள் விற்கும் பொருளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. கடை வாடகைக்கும், ஆடிட்டருக்கும், கொரியருக்கும் அவர்கள் கட்டும் வரி 18 சதவீதத்திலேயே நிற்கிறது. இந்த இடைவெளியில் சிக்கிக்கொள்ளும் பணத்தை யார் திருப்பித் தருவது?

தொழிலுக்காக வாங்கும் பொருளுக்கும் பெறும் சேவைக்கும் கட்டிய வரியை, விற்கும்போது வசூலித்த வரியில் கழித்துக்கொண்டு மீதியை அரசுக்குச் செலுத்தினால் போதும். சட்டம் இதை உள்ளீட்டு வரி வரவு என்கிறது. கடைத்தெருவில் 'இன்புட்' என்றாலே புரியும். வரிக்கு மேல் வரி விழுந்து விலை ஏறாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. ஜிஎஸ்டி நிற்பதே இந்தக் காலில்தான்.

முன்பு நிலைமை வேறு. மன்மோகன் சிங் நிதியமைச்சராக இருந்தபோது, 1994 ஜூலை 1 முதல் தொலைபேசி, பொதுக் காப்பீடு, பங்குத் தரகு ஆகிய மூன்று சேவைகளுக்கு மட்டும் 5 சதவீத சேவை வரி வந்தது. 2016 நடுவில் செஸ் எல்லாம் சேர்த்து அது 15 சதவீதமாகியிருந்தது. உற்பத்தியாளர்கள் 2004 முதல் அதைக் கலால் வரியில் கழித்துக்கொள்ள முடிந்தது. ஜவுளிக்கடைக்காரருக்கு அந்த வழியும் இல்லை. வாடகைக்குக் கட்டிய சேவை வரி மத்திய அரசுக்குப் போனது, விற்பனைக்கான வாட் வரி மாநிலத்துக்குப் போனது. ஒன்றை இன்னொன்றில் கழிக்க முடியாது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது வணிகர்களுக்குக் கிடைத்த உண்மையான லாபம் இந்தச் சுவர் இடிந்ததுதான். இப்போது அதே சுவர் வேறு இடத்தில் எழும்பிக்கொண்டிருக்கிறது.

ஒரு பனியன் கம்பெனியின் கணக்கு

திருப்பூரில் உள்நாட்டுச் சந்தைக்குப் பனியனும் டி-ஷர்ட்டும் தைத்து விற்கும் ஒரு சிறு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். தொகைகள் கணக்குக்காக வைத்தவை, விகிதங்கள் நிஜம்.

மாத விற்பனை 22 லட்சம் ரூபாய். 5 சதவீதம் என்றால் வசூலிக்கும் வரி 1,10,000. நூல், துணி வாங்கியது 12 லட்சம். அதற்குக் கட்டிய வரி 60,000. நிட்டிங், டையிங், தையல் என்று வெளியில் கொடுத்த ஜாப் ஒர்க் 4 லட்சம். அதற்கு 5 சதவீதம், 20,000. வாடகை, ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர், கமிஷன் ஏஜென்ட், ஆடிட்டர், சாஃப்ட்வேர், கொரியர் எல்லாம் சேர்ந்து 2,60,000. அதற்கு 18 சதவீதம், 46,800.

ஆகக் கட்டிய வரி 1,26,800. வசூலித்தது 1,10,000. மாதம் 16,800 ரூபாய் மிச்சம் நிற்கிறது. வருஷத்துக்கு 2 லட்சத்துக்கு மேல்.

இந்தப் பணம் ஜிஎஸ்டி தளத்தில் அவர் பெயரிலுள்ள மின்னணு வரவுப் பேரேட்டில் பத்திரமாகத்தான் இருக்கும். அடுத்த மாதம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த மாதமும் இதே கதைதானே? கழிக்கக் கழிக்கத் தீராமல் வளர்ந்துகொண்டே போகும். அந்தத் தொகையைக் கொண்டு நூல் மில்லுக்குப் பணம் கொடுக்க முடியாது, சனிக்கிழமைக் கூலி போட முடியாது. பேங்கில் ஓவர் டிராஃப்ட் எடுத்துத்தான் போட வேண்டும். அரசிடம் வட்டியில்லாமல் கிடக்கும் தன் பணத்துக்கு ஈடாக அவர் வட்டிக்கு வாங்குகிறார்.

1,000 ரூபாய்க்குள் விற்கும் ஆடைகளுக்கு முன்பும் 5 சதவீதம்தான். அவற்றைத் தைத்து விற்பவர்களுக்கு இது பழைய தலைவலி. செப்டம்பர் மாற்றத்தில் அந்த வரம்பு 2,500 ரூபாய் வரை நீண்டது. எவர்சில்வர் பாத்திரம், சைக்கிள், பாக்கெட்டில் வரும் மிக்சர், முறுக்கு என்று 12-லிருந்து 5-க்கு இறங்கிய தொழில்கள் எல்லாம் இப்போது அதே வரிசையில் வந்து நிற்கின்றன.

ரீஃபண்ட் யாருக்கு?

வாங்குவதற்கு வரி அதிகம், விற்பதற்குக் குறைவு என்ற தலைகீழ் நிலை இருந்தால், தேங்கும் வரவைப் பணமாகத் திருப்பிக் கேட்கலாம் என்று மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 54(3) பிரிவு சொல்கிறது. ஆனால் பொருள்களுக்குக் கட்டிய வரி அதிகமாக இருந்து தேங்கினால் மட்டுமே அது பொருந்தும். சேவைகளுக்குக் கட்டிய வரியை ரீஃபண்ட் கணக்கிடும் சூத்திரத்திலேயே சேர்ப்பதில்லை. மேலே சொன்ன பனியன் கம்பெனியில் நூலுக்கும் 5, பனியனுக்கும் 5. எனவே ரீஃபண்ட் பூஜ்யம்.

இதை எதிர்த்து ஒரு காலணி நிறுவனம் போட்ட வழக்கில், சேவைகளை விலக்கும் விதி செல்லாது என்று குஜராத் உயர் நீதிமன்றம் 2020 ஜூலையில் தீர்ப்பளித்தது. இரண்டே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில் அந்த விதி செல்லும் என்றது. 2021 செப்டம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் சென்னையின் கருத்தை ஏற்றது. எதைத் திருப்பித் தருவது என்பது நாடாளுமன்றத்தின் முடிவு என்பது அதன் நிலை. கூடவே, சூத்திரத்தில் உள்ள குளறுபடிகளை ஜிஎஸ்டி கவுன்சில் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் சொன்னது. 2022 ஜூலையில் சூத்திரத்தைக் கொஞ்சம் திருத்தினார்கள். சேவைகள் மட்டும் வெளியிலேயே நின்றன.

இதில் இரண்டு விஷயங்கள் என்னால் ஏற்க முடியாதவை.

முதலாவது, அதே திருப்பூரில் அடுத்த தெருவில் இருக்கும் ஏற்றுமதியாளருக்கு இந்தத் தடை இல்லை. வரி கட்டாமல் உறுதிமொழி கொடுத்து ஏற்றுமதி செய்கிறவர், வாடகை, ஜாப் ஒர்க் உள்பட சேவைகளுக்குக் கட்டிய வரியையும் ரீஃபண்டாகக் கேட்கலாம். ஏற்றுமதிக்கு ஊக்கம் தரட்டும். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதே டையிங் பில்லில் உள்ள வரி, பெட்டி ரோட்டர்டாமுக்குப் போனால் திரும்பி வரும், மதுரைக்குப் போனால் வராது என்பதற்கு என்ன நியாயம்?

இரண்டாவது இன்னும் ஆழமானது. பெரிய மில் ஒன்று சாயப் பட்டறையைத் தன் வளாகத்திலேயே வைத்திருக்கும். சாயமும் ரசாயனமும் 18 சதவீத வரியில் வாங்கும். அவை பொருள்கள், எனவே ரீஃபண்ட் கணக்கில் வரும். தையல்காரர்கள் அதன் சொந்தத் தொழிலாளர்கள். சம்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. சிறு கம்பெனியோ நிட்டிங்கை ஓரிடத்தில், டையிங்கை ஓரிடத்தில், தையலை வேறிடத்தில் கொடுத்து வாங்குகிறது. எல்லாமே சேவை. ஆள்களைக் கான்ட்ராக்டர் மூலம் எடுத்தால் 18 சதவீதம். திருப்பூர் வளர்ந்ததே ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துச் செய்யும் இந்த முறையில்தான். அந்த முறைக்கே சட்டம் அபராதம் போடுகிறது. ஈரோடு, கரூர், பள்ளிபாளையம் பக்கமும் விசாரித்துப் பாருங்கள். ஜாப் ஒர்க் இல்லாமல் அங்கே ஒரு நாளும் நகராது.

வரி 5, இன்புட் இல்லை

இன்னொரு வகை உண்டு. வரியைக் குறைத்துவிட்டு, இன்புட் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிடுவது. உணவகங்களுக்கு 2017 நவம்பரில் இப்படித்தான் 5 சதவீதம் வந்தது. இன்புட் பலனை உணவகங்கள் விலையில் காட்டவில்லை என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம்; அதில் உண்மையும் இருந்தது. 2025 செப்டம்பரில் அழகு நிலையம், சலூன், ஜிம், 7,500 ரூபாய் வரையிலான ஹோட்டல் அறை ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேர்ந்தன.

மாதம் 5 லட்சம் ரூபாய் வேலை நடக்கும் ஒரு அழகு நிலையம். வாடகை ஒரு லட்சம், வரி 18,000. 18 சதவீத வரியில் வரும் கிரீம், மேக்கப் சாமான்கள் 60,000 ரூபாய்க்கு, வரி 10,800. முன்பு இந்த 28,800 ரூபாயையும் கழித்துக்கொண்டார்கள். இப்போது அது செலவு. விலையை ஏற்றாவிட்டால் கையை விட்டுப் போகும். ஏற்றினால் வாடிக்கையாளருக்குக் கிடைக்க வேண்டிய குறைப்பில் ஏறக்குறைய பாதி கரைந்துவிடும். "18-ஐ 5 ஆக்கிட்டாங்களே, நீங்க ஏன் குறைக்கலை?" என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு முன்னால் உட்கார்ந்து இந்தக் கணக்கை விளக்க முடியுமா?

கட்டட உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவராக இருந்தால் தப்பிக்கலாம் என்றால், அதுவும் இல்லை. 2024 அக்டோபர் 10 முதல், பதிவில்லாத உரிமையாளரிடம் வணிக வாடகைக்கு இருப்பவர் பதிவு பெற்றவராக இருந்தால், அந்த 18 சதவீதத்தை அவரே அரசுக்குக் கட்ட வேண்டும். சிறு வணிகர்களுக்கான இணக்க வரித் (காம்போசிஷன்) திட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் பிறகு விலக்கு கொடுத்தார்கள். இன்புட் எடுக்க முடிந்தவர்களுக்கு இது ஒரு கையில் கொடுத்து மறு கையில் வாங்குவது. சலூன்காரருக்கும் ஹோட்டல்காரருக்கும் அது முழுச் செலவு.

வரியே இல்லை என்று அறிவிக்கப்பட்ட பொருள்களும் இப்படித்தான். நோட்டுப் புத்தகத்துக்கு 12 சதவீத வரி போய் இப்போது பூஜ்யம், பெற்றோருக்கு மகிழ்ச்சி. ஆனால் விற்பனைக்கு வரி இல்லை என்றால் இன்புட்டும் இல்லை. சிவகாசி நோட்டுத் தயாரிப்பாளர் வாடகைக்கும் கொரியருக்கும் கட்டும் வரி நோட்டின் விலைக்குள் போய் ஒளிந்துகொள்கிறது.

பில் இருக்கு, 2பி-யில் இல்லை

சட்டம் தரும் இன்புட்டையே கோட்டைவிடுகிறவர்களும் நிறைய. குறிப்பாக சேவை பில்களில். நூல் மூட்டைக்கு இ-வே பில் உண்டு, லாரி உண்டு, கணக்குப்பிள்ளை கண்ணில் படும். பேங்க் சார்ஜும் போன் பில்லும் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஒருவர் எடுக்கக்கூடிய இன்புட்டை ஜிஎஸ்டி தளம் மாதாமாதம் பட்டியலிட்டுத் தருவதுதான் 2பி. அதைப் பற்றி ஆடிட்டர் ஆபீசில் மாதாமாதம் நடக்கும் பேச்சு இது. "அண்ணா, பேங்க்காரங்க பிடிச்ச சார்ஜ் 2பி-ல காணோமுங்க." "ஸ்டேட்மென்ட்ல பிடிச்சிருக்கானே தம்பி?" "பிடிச்சிருக்காங்க. உங்க ஜிஎஸ்டி நம்பரை பேங்க்ல குடுத்தீங்களா?" அதற்குப் பதில் வராது. நம்பர் கொடுக்காவிட்டால் அந்த வங்கி இவரைச் சாதாரண வாடிக்கையாளராகவே கணக்கில் காட்டும். வரவு இவர் பெயரில் ஏறாது.

போன், இன்டர்நெட், தீ விபத்துக் காப்பீடு, விமான டிக்கெட், இணைய விளம்பரம் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். 2022 ஜனவரி 1 முதல், சேவை தந்தவர் தன் கணக்கில் அந்த பில்லை ஏற்றி, அது நமது ஜிஎஸ்டிஆர்-2பி-யில் வந்தால்தான் இன்புட். கையில் பில்லை வைத்துக்கொண்டு வாதாடிப் பயனில்லை.

வெளியூர் ஹோட்டல் அறை இன்னொரு வகை. ஆர்டர் பிடிக்கக் கொல்கத்தா போய்த் தங்கினால், வரியில் பாதி மேற்கு வங்கத்துடையது. தமிழ்நாட்டில் மட்டும் பதிவுள்ளவர் அதைக் கழிக்க முடியாது. கார் வாடகை, சாப்பாடு, கிளப் சந்தா போன்றவற்றுக்குப் பெரும்பாலும் சட்டமே கதவைச் சாத்திவிட்டது. அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இவற்றைவிடக் கொடுமை, சேவை தந்தவர் வரியை வாங்கிக்கொண்டு அரசுக்குக் கட்டாமல் போவது. ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் ஆறு மாதம் ஒழுங்காக இருப்பார்; ஏழாவது மாதம் போனை எடுக்க மாட்டார். பில்லுக்குப் பணமும் கொடுத்து, வரியும் கொடுத்த பிறகு, அதே வரியை வட்டியோடு இன்னொரு முறை கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும். 2021 பிப்ரவரியில் ரப்பர் ஷீட் வாங்கிய ஒருவரின் வழக்கில், விற்றவரை விட்டுவிட்டு வாங்கியவரை மட்டும் பிடிப்பது சரியல்ல என்று உயர் நீதிமன்ற மதுரை அமர்வு சொன்னது. ஒவ்வொரு பனியன் கம்பெனிக்காரரும் வக்கீல் வைத்து மதுரைக்கோ சென்னைக்கோ போக முடியுமா?

எல்லா விதியும் அநியாயம் என்று நான் சொல்லவில்லை. சேவை தந்தவருக்கு 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த இன்புட்டைத் திருப்ப வேண்டும் என்ற விதி இருக்கிறது. அது இருக்கட்டும். ஜாப் ஒர்க் செய்தவருக்கு ஆறு மாதமாகப் பணம் கொடுக்காதவர், அந்த பில்லுக்கு வரவு மட்டும் எடுப்பது என்ன முறை?

என்ன செய்யலாம்?

சேவைகளுக்கு ரீஃபண்ட் என்று சொன்னாலே வரித்துறை அஞ்சுவது போலி பில்களுக்கு. அந்த அச்சம் நியாயமானது. சேவைக்கு லாரி கிடையாது, எடை மேடை கிடையாது. காகிதத்தில் உற்பத்தி செய்துவிடலாம். ஆனால் பெரிய சேவைத் தொகைகளுக்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. வாடகை, ஒப்பந்த வேலை, ஆடிட்டர் கட்டணம் போன்றவை ஒரு வரம்பைத் தாண்டினால் பெரும்பாலான நிறுவனங்கள் வருமான வரிக்கு டிடிஎஸ் பிடித்தாக வேண்டும். வங்கி வழியாகப் பணம் போய், டிடிஎஸ் பதிவாகி, 2பி-யிலும் ஏறிய பில்லைப் போலி என்று சந்தேகிக்க அதிக இடமில்லை. இந்த மூன்றும் பொருந்தினால் ரீஃபண்ட் என்று விதி வைக்கலாம்.

ஒரே நாளில் எல்லோருக்கும் கொடுத்தால் கஜானா தாங்காது என்றால், ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாய் வரை உள்ளவர்களிடமிருந்து தொடங்கலாம். அதிலும் முதலில் ஜாப் ஒர்க்குக்குக் கட்டிய வரி, பிறகு வாடகை. இதற்கு 54(3) பிரிவைத் திருத்த வேண்டும். கவுன்சில் பரிந்துரைத்தால் நிதி மசோதாவிலேயே செய்துவிடக்கூடியது.

சலூன், ஜிம் போன்றவற்றுக்கு, இன்புட்டோடு 18 சதவீதம் அல்லது இன்புட் இல்லாமல் 5 சதவீதம் என்று விருப்பம் கொடுக்கலாம். சரக்கு லாரி நிறுவனங்களுக்கு இந்த விருப்பம் ஏற்கெனவே இருக்கிறது. அது முடியாதென்றால், இன்புட் இல்லாதவர்கள் பதிவில்லாத உரிமையாளரின் வாடகைக்குத் தாங்களே வரி கட்டும் கடமையையாவது நீக்க வேண்டும்.

வங்கி வழியாக வரியோடு பணம் கொடுத்ததை நிரூபிக்கிறவரிடம் மறுபடி கை நீட்டும் முன், சேவை தந்தவரிடம் வசூல் நடவடிக்கை எடுத்ததைத் துறை காட்ட வேண்டும். ரீஃபண்ட் 60 நாள் தாண்டித் தாமதமானால் அரசு பொதுவாகத் தருவது 6 சதவீத வட்டி. வணிகர் வரியைத் தாமதித்தால் 18 சதவீதம். இரண்டையும் ஒன்றாக்குவதற்குப் பெரிய ஆய்வுக்குழு எதுவும் தேவையில்லை.

சட்டம் மாறும் வரை வணிகர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. வங்கி, போன், காப்பீடு, விளம்பரக் கணக்கு அனைத்திலும் ஜிஎஸ்டி நம்பரை இந்த வாரமே பதியுங்கள். மாதம் 14-ம் தேதி 2பி வந்ததும், அதைச் செலவுப் பட்டியலோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பதிவில்லாத உரிமையாளரின் கடையில் இருந்தால் 30 நாளுக்குள் நீங்களே பில் போட்டு வரியைக் கட்டி, அதற்கான வரவை எடுங்கள். கான்ட்ராக்டரின் முந்தைய மாத ரிட்டர்ன் தாக்கலானதைப் பார்த்த பிறகே இந்த மாத வரித் தொகையைக் கொடுங்கள். ஒரு நிதியாண்டின் விடுபட்ட பில்களுக்கு அடுத்த நவம்பர் 30 வரைதான் கெடு; ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே போட்டுவிட்டால் அன்றோடு சரி.

சட்டத் திருத்தத்துக்குத் தமிழ்நாடு தனியாகக் குரல் கொடுத்தால் போதாது. கவுன்சிலில் ஒரு தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு மத்திய அரசிடம் இருக்கிறது. குஜராத்தின் சூரத், பஞ்சாபின் லூதியானா, உத்தரப் பிரதேசத்தின் ஆக்ரா, கேரளத்தின் கோழிக்கோடு என்று துணியும் ஆடையும் காலணியும் செய்யும் ஊர்களுக்கெல்லாம் இதே சிக்கல்தான். கட்சி வேறாக இருந்தாலும் கணக்கு ஒன்று. அடுத்த கவுன்சில் கூட்டத்துக்கு முன்பே தமிழ்நாட்டு நிதியமைச்சர் அந்த நான்கு மாநில நிதியமைச்சர்களுடன் பேசி, ஜாப் ஒர்க் வரிக்கான ரீஃபண்டைக் கூட்டுக் கோரிக்கையாக வைக்க வேண்டும்.